பாதையில்லாத வடக்கு: ப்ரூக்ஸ் மலைத்தொடரில் நண்பர்களுடன் முதல் நடைப்பயணம்

அலாஸ்காவின் வடபகுதியில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ப்ரூக்ஸ் மலைத்தொடரின் நடுவே, முழுவதும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கில், ‘கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்’ தேசியப் பூங்கா இருக்கிறது. அதையொட்டிய பாதுகாப்புப் பகுதியையும் சேர்த்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய நிலத்துக்குள் சாலை கிடையாது; வெட்டிச் சீரமைத்த நடைபாதை கிடையாது; கூடாரம் அடிக்கவென்று ஒதுக்கிய இடமோ திசை சொல்லும் பலகையோ கிடையாது. 1929 முதல் இங்கே சுற்றித் திரிந்த பாப் மார்ஷல் என்ற வனவியலாளர், கொயுகுக் ஆற்றின் வடகிளைக்கு இருபுறமும் எதிரெதிராக நிற்கும் ஃப்ரிஜிட் கிராக்ஸ், போரியல் ஆகிய இரு மலைகளை ஆர்க்டிக்கின் வாயில்கள் என்று குறிப்பிட்டார். 1980இல் தேசியப் பூங்கா அமைந்தபோது அந்தப் பெயரே அதற்கு நிலைத்தது.

இங்கே உள்ளே செல்லக் கட்டணம் இல்லை; முன் அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை. கேட்பவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் சீட்டு கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் தடுத்து நிறுத்தவும் ஆள் இல்லை என்பதை மறக்கக் கூடாது. வேறு மலைகளில் பல நாள் நடந்து பழகியவர்கள்கூட இங்கே முதலில் தவறுவது திட்டமிடும் முறையில்தான்: மொத்தத் தொலைவை ஒரு நாள் நடையால் வகுத்து, கிடைத்த எண்ணிக்கைக்கு உணவு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆற்றின் நீர்மட்டம், மேகமூட்டம், விமானியின் முடிவு ஆகிய மூன்றும் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் எந்தப் படியை எடுத்தாலும் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வரும்: கைவசம் எத்தனை உபரி நாட்கள் இருக்கின்றன, அவற்றைச் செலவிட உடன் வருபவர்கள் மனம் ஒப்பியிருக்கிறார்களா?

முதல் படி: யாருடன், எப்போது

முதல் பயணத்துக்கு நான்கு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணைக்கு இருக்க, மற்ற இருவர் சேர்ந்தே தண்ணீர் எடுக்கவும் சுற்றுப்புறத்தைப் பார்த்துவரவும் முடியும். நெருக்கமாக நடக்கும் நால்வரைக் கண்டால் கரடி பெரும்பாலும் விலகிப் போய்விடும். ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் சிறு விமானம் இருமுறை பறக்க வேண்டிவரலாம். அப்போது செலவு கூடுவதோடு, வானிலை கெட்டால் குழுவில் பாதிப்பேர் ஏரிக்கரையிலும் பாதிப்பேர் ஊரிலுமாக நிற்க நேரிடும்.

நட்பு என்பதே பயணப் பொருத்தம் ஆகிவிடாது. புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, முழுச் சுமையுடன், இயன்றால் மழைக்காலத்தில், எல்லோரும் சேர்ந்து இரண்டு மூன்று நாள் ஒரு நடை போய்வர வேண்டும். யார் பசித்தால் எரிந்து விழுகிறார், யார் வலியை மறைக்கிறார், யார் ஈரக் காலுறையோடும் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் உட்கார்ந்து சில விதிகளை ஒப்புக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடப்பதா வேண்டாமா என்ற கேள்வியில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அதுவே குழுவின் முடிவு; காரணம் கேட்டு அவரை மடக்கக் கூடாது. மெதுவாக நடப்பவர் வரிசையில் இரண்டாவதாக நடக்க வேண்டும். கடைசியில் விட்டால் அவருக்கு ஓய்வே கிடைக்காது, மற்றவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு அவர் வந்து சேரும் நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். குரல் எட்டும் தொலைவுக்கு அப்பால் யாரும் தனியே போகக் கூடாது.

காலத்தைப் பொறுத்தவரை தேர்வு குறுகியது. ஜூன் தொடக்கத்தில் உருகும் பனியால் ஆறுகள் பெருகியிருக்கும். ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை முழுவதும் கொசுக்களின் ஆட்சி. சாப்பிட வாயைத் திறந்தால் கொசுவும் சேர்ந்தே உள்ளே போகும் என்பது மிகைப்பேச்சு அல்ல. ஆகஸ்டில் மழை கூடினாலும் கொசு குறையும்; மாத நடுவிலிருந்து தூந்திர நிலம் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் மாறத் தொடங்கும். செப்டம்பரில் குளிர்காலம் வாசலுக்கு வந்துவிடும். புதியவர்களுக்கு ஆகஸ்டின் முதல் மூன்று வாரங்களையே நான் பரிந்துரைப்பேன். எந்த மாதத்திலும் பனி பொழியக்கூடும் என்ற நினைப்போடுதான் உடை எடுக்க வேண்டும். கோடையின் நீண்ட பகலால் ஒரு நன்மை உண்டு: நடக்கும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியதில்லை. பகல் முழுவதும் மழை கொட்டி மாலை ஏழு மணிக்கு வெறித்தால், ஏழு மணிக்கு நடை தொடங்கலாம்.

இரண்டாம் படி: உள்ளே நுழைதல்

பெரும்பாலான வழிகள் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்தே தொடங்குகின்றன. அங்கிருந்து மூன்று விதமாகப் பூங்காவை அடையலாம்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது பெட்டில்ஸ் வழி. கோடையில் சாலைத் தொடர்பே இல்லாத இந்தச் சிற்றூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து மிதவை விமானத்தில் ஏறி ஓர் ஏரியில் இறங்க வேண்டும். இரண்டாவது வழி, மலைத்தொடரின் நடுக் கணவாயில் நுனாமியுட் என்னும் பழங்குடி மக்கள் வாழும் அனக்டுவுக் பாஸ் கிராமம். ஃபேர்பேங்க்ஸிலிருந்து அங்கே நேரடி விமானங்கள் போகின்றன. ஊரிலிருந்து இறங்கி நேராக நடக்கத் தொடங்கலாம் என்பதால் தனி விமானச் செலவு மிச்சமாகும். ஆனால் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி அந்த மக்களுக்கு உரியது. எவ்வழியே கடக்கலாம் என்பதைக் கேட்டறிந்த பிறகே அடி வைக்க வேண்டும். அவர்கள் வேட்டையாடும் இடத்தில் கரிபு என்னும் துருவ மான்களின் மந்தையைக் கலைத்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவைக் கலைத்ததாகும். ஊரில் அந்த மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் சைமன் பனியாக் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. நடையை அவசரமாகத் தொடங்காமல் அதற்கு ஒரு மணிநேரம் ஒதுக்குவது நல்லது.

மூன்றாவது வழி, எண்ணெய்க் குழாய்ப் பணிக்காக 1974இல் போடப்பட்ட டால்டன் நெடுஞ்சாலை. ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே உள்ள கோல்ட்ஃபுட்டைத் தாண்டி, சாலையோரத்தில் இறங்கி மேற்கு நோக்கி நடக்கலாம். செலவு குறைவு என்று பலரும் இதை விரும்புகிறார்கள். ஆனால் சாலைக்கும் பூங்காவுக்கும் நடுவே ஆறு ஓடுகிறது; கையும் காலும் பழகுவதற்கு முன்பே முதல் நாளிலேயே அதைக் கடக்க வேண்டியிருக்கும். திரும்பும் நாளில் அது பெருகியிருந்தால் சாலை கண்ணெதிரே தெரிய, இக்கரையில் காத்திருக்க வேண்டிவரும். முதல் பயணத்துக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

விமானத்தில் செல்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு. விமானி ஆட்களையும் மூட்டைகளையும் எடைபோட்டே ஏற்றுவார். எடையைக் குறைத்துச் சொல்வது ஆபத்தான பொய். எரிவாயுக் குப்பியையும் கரடி விரட்டும் மிளகாய் ஸ்பிரேயையும் பயணிகள் விமானத்தில் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. ஃபேர்பேங்க்ஸில் வாங்கிக்கொண்டு, சிறு விமானத்தின் விமானியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் அவற்றைத் தாம் அமரும் அறைக்கு வெளியே வைத்து எடுத்துவருவார். பறக்கும் நிலையில் ஸ்பிரே கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே காரணம் விளங்கும்.

கிளம்புவதற்கு முன் ஃபேர்பேங்க்ஸ், கோல்ட்ஃபுட், பெட்டில்ஸ் ஆகிய ஊர்களில் ஏதேனும் ஒன்றில் உள்ள பூங்காத் தகவல் நிலையத்துக்குப் போய், வனக்காவலர்கள் தரும் அறிமுக விளக்கத்தைக் கேளுங்கள். எந்த ஆறு பெருகியிருக்கிறது, எந்தப் பள்ளத்தாக்கில் கரடிகள் நடமாடுகின்றன என்பது அந்த வாரத்துக்கான செய்தி. எந்த அச்சிட்ட புத்தகத்திலும் கிடைக்காது. பயணத் திட்டத்தின் ஒரு நகலை அங்கே கொடுத்துவிட்டு, இன்னொன்றை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படையுங்கள். எந்தத் தேதி தாண்டினால் அவர் உதவி கோர வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதி விமானம் வரும் நாளாக இல்லாமல், உபரி நாட்களும் கழிந்த பிறகு வருவதாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: நாட்களைக் கணக்கிடுதல்

பூங்காவில் ஒரு நாளைக்கு 6 மைல், அதாவது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்தாலே அது நல்ல நடை. காரணம் காலடியில் இருக்கிறது. சில அடி ஆழத்திலேயே நிலம் நிரந்தரமாக உறைந்திருப்பதால் மழைநீரும் உருகிய பனிநீரும் கீழே இறங்க வழியின்றி மேலேயே தேங்குகின்றன. அந்தச் சதுப்பில் பஞ்சுப்புல் கொத்துக் கொத்தாக வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் தன் பழைய தாள்களின் மேலேயே உயர்ந்து, தலைகனத்த முண்டுகளாக நிற்கிறது. ஆங்கிலத்தில் டஸ்ஸக் என்று சொல்லப்படும் இந்த முண்டின் மேல் கால் வைத்தால் அது பக்கவாட்டில் சாய்கிறது. இடையில் வைத்தால் கணுக்கால் வரை நீரில் இறங்குகிறது. இருபது கிலோ சுமையோடு இப்படி ஒரு கிலோமீட்டர் நடந்தவர்கள் பிறகு வரைபடத்தில் கிலோமீட்டரை எண்ணுவதை விட்டுவிடுவார்கள்.

பத்து நாள் பயணம் என்றால் முதல் நாளையும் கடைசி நாளையும் விமானத்துக்கு விட்டுவிடுங்கள். எஞ்சிய எட்டில் ஆறு நாள் நடை, இரண்டு நாள் உபரி. நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 48 கிலோமீட்டர் மட்டுமே. நண்பர்களில் ஒருவராவது இதைக் கேட்டுச் சிரிப்பார். அவரைச் சிரிக்க விடுங்கள், ஆனால் எண்ணை மாற்றாதீர்கள். இதற்கு மேல், விமானம் வர முடியாத நாட்களுக்கென்று இரண்டு மூன்று நாள் உணவு தனியாகக் கட்டப்பட வேண்டும். இந்த இருப்பு உணவைத் திட்டத்துக்குள் சேர்த்து எண்ணக் கூடாது.

வழியை வரையும்போது அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1:63,360 அளவுள்ள வரைபடங்களைப் பயன்படுத்துங்கள்; அதில் ஓர் அங்குலம் ஒரு மைலுக்குச் சமம், உயரங்கள் அடியில் இருக்கும். காகிதத்தில் அச்சிட்டு நீர்புகா உறையில் இரண்டு படிகள் எடுத்துச்செல்லுங்கள். காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான விலக்கம் இந்தப் பகுதியில் பெரியது, ஆண்டுதோறும் மாறக்கூடியது. பழைய வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல் நடப்பாண்டின் அளவைப் பார்த்துத் திசைகாட்டியைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் விட்டு விலக ஒரு மாற்று வழியும், ஆற்றைக் கடக்க முடியாவிட்டால் எங்கே தங்குவது என்பதும் குறிக்கப்பட்டிருக்கட்டும்.

நான்காம் படி: சுமை

உணவைப் பற்றிய பேச்சு அதை வைக்கும் உருளையிலிருந்தே தொடங்க வேண்டும். இந்தப் பூங்காவில் கரடியால் திறக்க முடியாத உறுதியான உணவு உருளை கட்டாயம். பெரும்பகுதியில் மரமே இல்லாததால் உணவை உயரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இங்கே உதவாது. தகவல் நிலையங்களில் உருளைகளை இரவலாகப் பெறலாம். மணமுள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். பற்பசை, களிம்பு, குப்பை உட்பட. ஆளுக்கு நாளொன்றுக்கு 700 முதல் 900 கிராம் வரை உலர் உணவு, அதிலும் கொழுப்பு மிகுந்தவை, போதுமானது. வீட்டிலேயே எல்லா உணவையும் உருளைக்குள் அடைத்துப் பார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் அடைக்கத் தொடங்கினால் இருப்பு உணவுதான் முதலில் வெளியே எடுக்கப்படும்.

உடையில் பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி காய்வதில்லை. உடல் வெப்பத்தை இழுத்துவிடும். கம்பளியோ செயற்கை இழையோ அணிந்து, மேலே நல்ல மழைச்சட்டையும் மழைக்காற்சட்டையும் போட வேண்டும். தூங்குவதற்கென்று ஒரு முழு உலர்ந்த உடை, எந்தச் சூழ்நிலையிலும் நடைக்குப் பயன்படுத்தாமல், நீர்புகாப் பைக்குள் இருக்க வேண்டும். உறக்கப்பை உறைநிலைக்குச் சில பாகை கீழே வரை தாங்கட்டும். கூடாரம் பலத்த காற்றைத் தாங்குவதாகவும், கொசுவலை உள்ளதாகவும் இருக்கட்டும். தலைக்குக் கொசுவலை ஆகஸ்டிலும் தேவை. விறகு அரிது, இருப்பதும் மிக மெதுவாக வளர்வது. சமைக்க அடுப்பையே நம்புங்கள்.

கைப்பேசிக்கு அங்கே இணைப்பு கிடையாது. செயற்கைக்கோள் செய்திக் கருவி வாங்கும்போது, அதன் வலையமைப்பு உயர் அட்சரேகைகளில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எல்லா வலையமைப்புகளும் துருவப் பகுதி வரை எட்டுவதில்லை, இரிடியம் எட்டுகிறது. குழுவில் இரண்டு கருவிகள் இருப்பதும், இரண்டும் ஒரே பையில் இல்லாமல் இருப்பதும், நால்வருக்கும் இயக்கத் தெரிந்திருப்பதும் அவசியம். கருவியை வாங்கியவர்தான் ஆற்றில் விழுந்தவர் என்றால், மற்றவர்கள் அதன் பொத்தான்களை முதன்முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: நடை

முதல் நாள் ஏரிக்கரையில் விமானத்தின் ஓசை தேய்ந்து அடங்கியதும் உடனே நடக்கத் தொடங்காதீர்கள். சுமையைச் சரிசெய்து, ஸ்பிரேயைக் கைக்கு எட்டும்படி இடுப்பிலோ தோள்பட்டையிலோ மாட்டி, பூட்டை நீக்கி எடுக்கும் பயிற்சியை ஒவ்வொருவரும் ஒருமுறை செய்துபாருங்கள். பைக்குள் இருக்கும் ஸ்பிரே பயனற்றது. அது சில மீட்டர் தொலைவுக்கே பாயும். எதிர்க்காற்றில் உங்கள் முகத்துக்கே திரும்பும்.

கால்வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. ஆற்றோரக் கூழாங்கல் திட்டுகள், வில்லோ புதர்களுக்கு மேலே உள்ள உலர்ந்த மேட்டு விளிம்புகள், கரிபு மந்தைகள் மிதித்துச் சென்ற தடங்கள் ஆகியவை நல்லவை. கரிபுவுக்கு நிலம் தெரியும். அதன் தடம் உங்கள் திசையில் போகும்வரை அதோடு போங்கள். நேர்க்கோட்டில் பள்ளத்தாக்கின் அடிவழியே போவதைவிட அரைமணிநேரம் ஏறி மேட்டைப் பிடிப்பது பெரும்பாலும் விரைவு. சில ஆற்றுப் படுகைகளில் குளிர்காலத்தில் அடுக்கடுக்காக உறைந்த பனிப்பாளம் ஜூலை வரைகூடக் கிடக்கும். நடக்கச் சாலைபோல இருந்தாலும், அதன் ஓரங்களை நீர் அடியில் அரித்திருக்கும்; விளிம்புகளை விட்டு விலகியே செல்லுங்கள்.

புதர் அடர்ந்த இடங்களில் பேசிக்கொண்டே, அவ்வப்போது உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். இங்கே கிரிஸ்லி கரடியும் கருங்கரடியும் உண்டு. அவை திடீரென்று திடுக்கிடுவதுதான் ஆபத்து. தொலைவில் கண்டால் வழியை மாற்றுங்கள். அருகில் எதிர்ப்பட்டால் நால்வரும் ஒட்டி நின்று, அமைதியான குரலில் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள். ஓடவே கூடாது.

ஆறுகளே இந்தப் பயணத்தில் பெரிய அபாயம். ஆறு பல கிளைகளாகப் பிரிந்து அகன்று ஓடும் இடத்தைத் தேடுங்கள். குறுகிய இடம் கண்ணுக்கு எளிதாகத் தோன்றினாலும் அங்கேதான் ஆழமும் வேகமும். கடக்கும் இடத்துக்குக் கீழே நீர் எங்கே போய் மோதுகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். முதுகுப்பையின் இடுப்புப்பட்டையையும் மார்புப்பட்டையையும் கழற்றிவிடுங்கள். தவறி விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். காலணியை அவிழ்க்காதீர்கள், குளிரில் மரத்த வெறுங்கால் கற்களுக்கிடையே எதையும் உணராது. வலிமையானவர் நீரோட்டத்தின் மேற்புறத்தில் தடியூன்றி நிற்க, மற்றவர்கள் அவரைப் பின்தொட்டு ஒரே உடலாக நகர வேண்டும். வேகமான நீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் திரும்பிவிடுங்கள்.

மழைக்குப் பிறகு உறைநிலம் நீரை உறிஞ்சாததால் ஆறு சில மணிநேரத்திலேயே ஏறிவிடும். நல்ல செய்தி என்னவென்றால், மழை விட்டபின் அது பல சமயம் விரைவாகவே இறங்கவும் செய்யும். கரையில் நீர் தொடும் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, கூடாரம் அடித்துத் தேநீர் போட்டுக் குடியுங்கள். கல் நீரில் மூழ்கினால் இன்று நடை இல்லை. கல்லைவிட்டு நீர் விலகினால் நாளைக் காலை பார்க்கலாம். உபரி நாள் செலவாவது பெரும்பாலும் இந்தக் கல்லருகில்தான்.

நடந்து நனைந்த ஒருவரின் பேச்சு குழறினாலோ, அவர் அடிக்கடி இடறினாலோ, அது களைப்பு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். உடல் வெப்பம் இறங்குவதன் அடையாளம் அது. அந்த இடத்திலேயே கூடாரம் அடித்து, ஈர உடையைக் களைந்து, உலர் உடையும் உறக்கப்பையும் கொடுத்து, இனிப்பான சூடான பானத்தைக் குடிக்கச் செய்யுங்கள். அவர் தமக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்.

ஆறாம் படி: தங்குமிடம்

கூடாரம், சமைக்கும் இடம், உணவு உருளை வைக்கும் இடம் ஆகிய மூன்றும் முக்கோணமாக, ஒன்றுக்கொன்று குறைந்தது நூறு தப்படி விலகியிருக்க வேண்டும். சமையல், காற்று வீசும் போக்கில் கூடாரத்துக்குக் கீழ்ப்பக்கம். மிதித்தால் தாவரங்கள் தேறப் பல ஆண்டுகள் பிடிக்கும் நிலம் இது. கூழாங்கல் திட்டு கிடைத்தால் அதுவே சிறந்தது, ஆனால் இரவில் நீர் ஏறாத உயரத்தில். தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். வடிகட்டி ஒருமுறை உறைந்தால் கெட்டுவிடும். குளிர்ந்த இரவுகளில் அதை உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்ட வேண்டும். காகிதத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஏழாம் படி: திரும்பும் ஏரி

விமானம் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய நாளே அந்த ஏரியை அடைந்துவிடுங்கள். அன்றிரவு எஞ்சியிருக்கும் சாதாரண உணவைத் தாராளமாகச் சாப்பிடலாம். இருப்பு உணவைத் தொடக் கூடாது. மேகம் கணவாய்களை அடைத்துவிட்டால் விமானி வரமாட்டார், வரச்சொல்லி வற்புறுத்தவும் கூடாது. செய்திக் கருவியில் உங்கள் பக்கத்து மேகத்தின் உயரம், காற்று, எதிர் மலை தெரிகிறதா இல்லையா என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். அவருக்கு அது உதவும். நண்பர்களில் எவருக்கேனும் மறுநாள் அலுவலகம் இருக்கும், எவருக்கேனும் அடுத்த விமானத்துக்குச் சீட்டு இருக்கும். ஃபேர்பேங்க்ஸிலிருந்து கிளம்பும் சீட்டை மூன்று நாள் தள்ளி எடுத்திருந்தால் அந்தப் பேச்சு நீளாது. பைகளைக் கட்டி வைக்கலாம், அடுப்பை மடிக்கலாம், உருளைகளைக் கரைக்குக் கொண்டுவரலாம். கூடாரத்தை மட்டும் விமானத்தின் ஓசை காதில் விழும்வரை பிரிக்காதீர்கள்.